மணி அடிக்காத பொங்கல்

2025 ஜனவரி 13, போகி. மதியத்துக்கு மேல் அலுவலகத்தில் பாதி நாற்காலிகள் காலி. ஊருக்குப் போகிறவர்கள் எல்லாம் கோயம்பேட்டுக்கும் கிளாம்பாக்கத்துக்கும் கிளம்பிவிட்டார்கள். நான் மட்டும் கணினி கணினியாக உட்கார்ந்து ஒரு வேலை செய்துகொண்டிருந்தேன். அவுட்லுக்கின் மேல் வலது மூலையில் ஒரு சின்ன பட்டன் இருக்கும். அதை நகர்த்தினால் பழைய அவுட்லுக் மூடிக்கொண்டு புதிய அவுட்லுக் திறக்கும். பதினான்கு கணினிகளிலும் நகர்த்தினேன். போகி அன்று பழையதைத் தூக்கிப் போடுவதுதானே முறை என்று எனக்கு நானே சொல்லிச் சிரித்துக்கொண்டதும் ஞாபகம் இருக்கிறது.

நான் வேலை செய்வது பாரிமுனைப் பக்கம் ஒரு சுங்க முகவர் அலுவலகத்தில். இறக்குமதி, ஏற்றுமதி சரக்குகளுக்கான காகித வேலைகளைச் சுங்கத்துறையிடம் செய்து முடித்துத் தருவதுதான் தொழில். நான் அங்கே கணினிகளைப் பார்த்துக்கொள்பவன். எல்லோருக்கும் 'சிஸ்டம் தம்பி'. பன்னிரண்டு வருடங்களாகத் தம்பிதான்.

17ஆம் தேதி காலை அலுவலகம் திறந்தபோது என்னிடம் முதலில் வந்த கேள்வி, "தம்பி, என் மணி ஏன் அடிக்கல?" என்பது. கேட்டது இறக்குமதி டாகுமென்டேஷன் பார்க்கும் அக்கா. "ஸ்பீக்கர் ம்யூட்ல இருக்கும்க்கா, பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

பதினோரு மணிக்கு முதலாளி அறையிலிருந்து சத்தம் கேட்டது. பொங்கலன்று காலையில் ஒரு கப்பலின் வருகை அறிவிப்பு மின்னஞ்சலில் வந்திருக்கிறது. கப்பல் 15ஆம் தேதி வந்துவிட்டது. அந்த அஞ்சலை யாருமே பார்க்கவில்லை. சரக்கு வருவதற்கு முந்தின நாள் முடிவதற்குள் பில் ஆஃப் என்ட்ரி போட்டுவிட வேண்டும் என்பது சட்டம். அந்தக் கணக்கில் விடுமுறை நாளும் சேரும். தாமதித்தால் முதல் மூன்று நாட்களுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதற்குப் பிறகு நாளொன்றுக்கு 10,000 ரூபாய். நாங்கள் மூன்று நாள் தாமதம். 15,000 ரூபாய். பெரிய கம்பெனிக்கு இது ஒன்றுமே இல்லை. ஆனால் அந்த வாடிக்கையாளர் வருடத்துக்கு நாலைந்து கன்டெய்னர் இறக்குகிற சின்ன வியாபாரி. பணத்தைக் கட்டுவதற்கு முன் 'இது யார் தப்பு' என்று கேட்டார்.

"நான்தான் சார் பாக்காம விட்டுட்டேன்" என்றார் அக்கா.

நான் அறைக்கு வெளியேதான் நின்றிருந்தேன். அந்த நேரத்தில் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. உள்ளே போய்ச் சொல்லவில்லை.

*

என்ன நடந்தது என்று சொல்ல வேண்டுமென்றால் அந்த மணியிலிருந்து தொடங்க வேண்டும்.

அக்காவின் மேசை ஜன்னல் ஓரத்தில். கணினித் திரை ஒரு பக்கம், கோப்பு அடுக்குகளும் வாடிக்கையாளர்கள் வந்து நிற்கும் கவுண்டரும் மறுபக்கம். நாளில் பாதி நேரம் அவர் திரைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருப்பார். ஒரு நாளைக்கு இருநூறு அஞ்சல் வரும். அதில் ஏழெட்டுதான் வருகை அறிவிப்பு. அந்த ஏழெட்டைத் தவறவிட்டால் மற்ற நூற்றுத் தொண்ணூற்றையும் படித்துப் பிரயோஜனமில்லை.

2013இல் அவருக்காக ஒரு மேக்ரோ எழுதினேன். புது அஞ்சல் வந்து விழுந்தவுடன் அவுட்லுக் அந்த மேக்ரோவை எழுப்பும். அது தலைப்பில் இருக்கும் பில் ஆஃப் லேடிங் எண்ணை எடுத்து, அக்காவின் எக்செல் பதிவேட்டைத் திறந்து, எந்த வேலை, எந்த ஃபீல்டு ஆள் என்று பார்க்கும். இணைப்பை அந்த வேலைக்கான ஃபோல்டரில் போடும். ஃபீல்டு ஆளின் போனுக்கு அஞ்சலை அனுப்பும். கடைசியாக ஒரு மணி அடிக்கும். சைக்கிள் மணி. அக்காதான் அந்தச் சத்தத்தைத் தேர்ந்தெடுத்தார். "டிங்னு வந்தா எல்லாரு போனும் அப்படித்தான்டா அடிக்குது, வேற ஏதாவது வை" என்றார்.

மேக்ரோக்கள் எல்லாம் அந்தக் கணினியில் ஒரே ஒரு கோப்பில்தான் உட்கார்ந்திருக்கும். 2016இல் ஹார்ட் டிஸ்க் போனபோது அதுவும் போனது. அந்த முறை அதையே ஒரு ஆட்-இன் ஆக எழுதி முறையாக நிறுவினேன். 'காம் ஆட்-இன்' என்பார்கள். ஆட்-இன் என்றால் ஒரு மென்பொருளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, அந்த மென்பொருள் தானாகச் செய்யாத வேலையைச் செய்யும் இன்னொரு சின்ன மென்பொருள். காம் வகை, அவுட்லுக் ஓடும்போது அதன் வயிற்றுக்குள்ளேயே சேர்ந்து ஓடும். அவுட்லுக்குக்குத் தெரிந்த எல்லாமே அதற்கும் தெரியும். அஞ்சல், முகவரிப் புத்தகம், நாட்காட்டி, அது போக அந்தக் கணினியின் கோப்புகள், எக்செல், ஸ்பீக்கர்.

விடுமுறைக்குப் போகும்போது அக்கா கணினியை அணைக்க மாட்டார். திரையை மட்டும் பூட்டிவிட்டு மானிட்டரை அணைப்பார். ஒன்பது பொங்கல், ஒன்பது தீபாவளி அந்த ஆட்-இன் ஆளில்லாத அலுவலகத்தில் மணியடித்துக்கொண்டு ஃபீல்டு ஆட்களுக்கு அஞ்சல் அனுப்பியிருக்கிறது. அது வேலை செய்துகொண்டே இருந்ததால் நான் அதை மறந்துபோனேன்.

புதிய அவுட்லுக்கில் காம் ஆட்-இன்களுக்கு இடமில்லை. விபிஏ மேக்ரோக்களுக்கும் இல்லை. இது ஒளித்து வைத்த ரகசியம் ஒன்றுமில்லை. ஆவணங்களில் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். பட்டனை நகர்த்துவதற்கு முன் ஒவ்வொரு கணினியிலும் என்னென்ன ஆட்-இன் இருக்கிறது என்று பட்டியல் எடுத்திருக்க வேண்டும். பத்து நிமிட வேலை. நான் எடுக்கவில்லை.

*

அன்று மாலை ஐந்து மணி வரை வாயைத் திறக்காமல் இருந்தேன். அக்கா சாப்பாட்டு டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு வந்தபோதுதான் சொன்னேன். "அக்கா, மணி அடிக்காததுக்குக் காரணம் நான்தான்."

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "காலையில சொல்லியிருக்கலாம்ல" என்றார். அவ்வளவுதான். முதலாளியிடம் மறுநாள் நானே போய்ச் சொன்னேன். என் சம்பளத்திலிருந்து மூன்று மாதம் பிடித்துக்கொண்டார்கள். அது சரிதான். ஆனால் 'காலையில சொல்லியிருக்கலாம்ல' என்பது இன்னும் பிடித்தம் போய்க்கொண்டிருக்கிறது.

உடனடித் தீர்வு எளிது. பட்டனைத் திரும்ப நகர்த்தினேன். பழைய அவுட்லுக் வந்தது, சைக்கிள் மணி அடித்தது. பழையதற்குக் குறைந்தபட்சம் 2029 வரை ஆதரவு உண்டு என்று சொல்லியிருக்கிறார்கள். இதை அக்காவிடம் சொன்னேன்.

"நான் 2028ல ரிட்டயர்டு. எனக்குப் போதும்டா. அதுக்கப்புறம் உன் பாடு, வர்ற பொண்ணு பாடு."

விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை. அக்காவின் வேலையில் பாதி அவர் தலைக்குள்ளும் மீதி நான் எழுதிய நிரலுக்குள்ளும் இருந்தது. காகிதத்தில் ஒரு வரி கிடையாது. அதனால் புதிய அவுட்லுக்குக்கு ஏற்ற மாதிரி அதைத் திரும்ப எழுதிப் பார்க்கலாம் என்று சனிக்கிழமைகளில் உட்கார்ந்தேன்.

*

புதிய வகைக்கு 'வெப் ஆட்-இன்' என்று பெயர். அது கணினியில் நிறுவப்படும் மென்பொருளே இல்லை. இணையத்தில் எங்கோ ஒரு சர்வரில் இருக்கும் ஒரு வலைப்பக்கம். அவுட்லுக்கின் ஓரத்தில் ஒரு பலகத்தைத் திறந்து அதில் அந்தப் பக்கத்தைக் காட்டுகிறார்கள். நீங்கள் யார், என்ன வேண்டும் என்று முன்கூட்டியே ஒரு கோப்பில் எழுதிக் கொடுக்க வேண்டும். அனுமதியில் நாலு படிகள் இருக்கின்றன. மிகக் குறைந்த படியில் கிட்டத்தட்ட ஒன்றும் தெரியாது. அதற்கு மேல் திறந்திருக்கும் அஞ்சலை மட்டும் படிக்கலாம். அதற்கு மேல் அதை மாற்றலாம். உச்சிப் படியில்தான் அஞ்சல் பெட்டி முழுவதையும் தொட முடியும்.

நல்ல ஏற்பாடுதான். ஒரே ஆட்-இன் விண்டோஸ், மேக், பிரவுசர் எல்லாவற்றிலும் ஓடும். நிர்வாகி ஒரு இடத்திலிருந்து எல்லோருக்கும் கொடுக்கலாம். ஹார்ட் டிஸ்க் போனாலும் போகாது. அக்காவின் வேலைகளை ஒவ்வொன்றாக அதில் வைத்துப் பார்த்தபோதுதான் இடித்தது.

முதல் வேலை, அஞ்சல் வந்தவுடன் விழிப்பது. வெப் ஆட்-இன் சில நிகழ்வுகளுக்கு விழிக்கும். நீங்கள் புது அஞ்சல் எழுதத் தொடங்கும்போது, பெறுநரை மாற்றும்போது, இணைப்பைச் சேர்க்கும்போது, 'அனுப்பு' அழுத்தும்போது. அந்தப் பட்டியலில் 'புது அஞ்சல் வந்தது' இல்லை. நீங்கள் ஏதாவது செய்தால்தான் அது ஏதாவது செய்யும். அக்காவுக்கு வேண்டியதோ அவர் திரையைப் பார்க்காதபோது வேலை செய்கிற ஒன்று.

இரண்டாவது, ஃபோல்டரில் போடுவது. இணைப்பை ஆட்-இன் படிக்கலாம். ஆனால் அலுவலகத்தின் பொது டிரைவில், அந்த வேலை எண்ணுள்ள ஃபோல்டரில் தானாகக் கொண்டுபோய் வைக்க முடியாது. பிரவுசருக்குள் ஓடும் எதற்கும் உங்கள் கணினியின் கோப்புகளை இஷ்டப்படி தொட அனுமதி இல்லை. எக்செல் பதிவேட்டைத் திறப்பதற்கும் அதே பதில்தான்.

மூன்றாவது, குறிப்பு வைத்துக்கொள்வது. பழையதில் ஒவ்வொரு அஞ்சலோடும் நான் பாட்டுக்கு ஏதேதோ எழுதி வைத்திருந்தேன். புதியதில் ஒரு அஞ்சலுக்கு ஒரு ஆட்-இன் வைக்கும் குறிப்புகள் 2,500 எழுத்துக்குள் அடங்க வேண்டும். பயனருக்கான அமைப்புகள் மொத்தம் 32 கிலோபைட். இது போதும், உண்மையில். குருவிக்கூடு மாதிரி சின்னதாக, தேவையானதை மட்டும் வைத்தால் அடங்கிவிட்டது.

நான்காவது மணி. அதற்கு வழியே இல்லை. விழிக்காதவன் எப்படி மணி அடிப்பான்?

*

இரண்டாவது சனிக்கிழமை இரவு எனக்குக் கோபம் வந்தது. மேசையில் உட்கார்ந்திருக்கும் ஒருத்தருக்காக, அவர் வேலைக்கு அளவெடுத்துத் தைத்த ஒன்றை ஏன் இப்படிப் பிடுங்குகிறார்கள் என்று. அந்தக் கோபத்தோடு பழைய நிரலைத் திறந்து படித்தேன். படிக்கப் படிக்கக் கோபம் கொஞ்சம் இறங்கியது.

ஒன்பது வருடங்களாக நான் எழுதிய ஒரு நிரல், யாரிடமும் கேட்காமல், யாருக்கும் தெரியாமல், அக்காவின் பெயரில் அஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்தது. நான் நல்லவன், அதனால் ஃபீல்டு ஆட்களுக்கு மட்டும் அனுப்பியது. நான் நினைத்திருந்தால் அவருடைய மொத்த முகவரிப் புத்தகத்துக்கும் அனுப்பியிருக்கலாம்.

அப்படி அனுப்பியவர்கள் உண்டு. 1999 மார்ச்சில் மெலிசா என்று ஒரு மேக்ரோ வைரஸ் வந்தது. வேர்டு கோப்பைத் திறந்தால் போதும், அவுட்லுக்கை எழுப்பி முகவரிப் பட்டியலின் முதல் ஐம்பது பேருக்குத் தன்னையே அனுப்பிக்கொள்ளும். அடுத்த வருடம், 2000 மே மாதத் தொடக்கத்தில், பிலிப்பைன்ஸிலிருந்து 'ஐ லவ் யூ' கிளம்பியது. தலைப்பில் காதல், இணைப்பில் ஒரு காதல் கடிதம். கோப்புப் பெயரின் கடைசிப் பகுதியை விண்டோஸ் வழக்கமாக மறைத்துவிடுவதால் அது சாதாரண எழுத்துக் கோப்பு மாதிரியே தெரிந்தது. திறந்தவர்களின் கோப்புகளை அழித்துக்கொண்டே முகவரிப் புத்தகத்தில் இருந்த எல்லோருக்கும் காதலைச் சொன்னது. உலகம் முழுக்க அஞ்சல் சர்வர்களை இழுத்து மூட வேண்டி வந்தது. அதற்குப் பிறகுதான், வெளியிலிருந்து ஒரு நிரல் முகவரிப் புத்தகத்தைத் தொட்டால் 'அனுமதிக்கலாமா' என்று கேட்கும் பழக்கம் அவுட்லுக்குக்கு வந்தது.

அக்காவின் சைக்கிள் மணி வந்த அதே வாசல் வழியாகத்தான் அந்தக் காதல் கடிதமும் வந்தது. வாசலை மூடினால் இரண்டும் நிற்கும். இன்னொன்றும் இருக்கிறது. வயிற்றுக்குள் ஓடும் ஆட்-இன் நொண்டினால் அவுட்லுக்கும் நொண்டும். தொடங்க ஒரு விநாடிக்கு மேல் எடுத்துக்கொண்டே இருக்கும் ஆட்-இன்களை அவுட்லுக் 2013 தானாகவே முடக்கிவைக்க ஆரம்பித்ததற்குக் காரணம் அதுதான். என்னுடையதையும் இரண்டு முறை முடக்கியது. நான் இரண்டு முறையும் திட்டிக்கொண்டே திரும்ப இயக்கினேன்.

ஆகவே அவர்கள் செய்ததில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த நியாயத்துக்கு விலை கொடுப்பது யார் என்று பார்த்தால் வைரஸ் எழுதுபவன் இல்லை. அவன் வேறு வாசல் பார்த்துக்கொள்வான். பெரிய நிறுவனங்களும் இல்லை. அவர்களிடம் சர்வர் இருக்கிறது, ஆள் இருக்கிறது, திரும்ப எழுதிக்கொள்வார்கள். விலை கொடுப்பது பதினான்கு கணினி வைத்திருக்கும் அலுவலகத்தில், ஒரு சிஸ்டம் தம்பி ஒரு அக்காவுக்காகச் சாயங்காலங்களில் எழுதிக் கொடுத்த விஷயங்கள். எந்தப் பட்டியலிலும் அவற்றின் பெயர் இல்லை. நானே பட்டியல் எடுக்கவில்லை, வேறு யார் எடுப்பார்கள்?

*

மூன்றாவது சனிக்கிழமை அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு நோட்டில் எழுதினேன். வருகை அறிவிப்பு வந்தால் என்னென்ன பார்ப்பீர்கள், ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள் என்றேன். நிரலில் இருந்தது ஐந்து விதி. அவர் சொல்லச் சொல்ல பதினொன்று ஆனது. ஒரு ஏஜென்ட் அஞ்சல் தலைப்பில் எண்ணைப் போடவே மாட்டார், இணைப்பைத் திறந்துதான் பார்க்க வேண்டும். இன்னொருவர் வெள்ளிக்கிழமை மாலை அனுப்பும் தேதி எப்போதும் ஒரு நாள் தள்ளிப்போகும். ஒரு வாடிக்கையாளருக்கு அஞ்சல் அனுப்பினால் போதாது, அவர் பையனுக்கும் அனுப்ப வேண்டும், ஏனென்றால் அவருக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருக்கிறது.

"இதெல்லாம் நீங்க எப்பவும் சொன்னதில்லையேக்கா."

"நீ எப்பவும் கேட்டதில்லையே."

பதினொன்றையும் மூன்றாகப் பிரித்தோம். அஞ்சல் வந்தவுடன் நடக்க வேண்டியவை அஞ்சல் சர்வர் இருக்கும் இடத்துக்கே போய்விட்டன. 'பவர் ஆட்டோமேட்' என்று ஒரு சேவை இருக்கிறது. புது அஞ்சல் வந்ததும் மேகத்திலேயே விழித்து, இணைப்பை எடுத்து வைத்து, உரியவருக்கு அனுப்பும். அதற்காக ஃபோல்டர்களையும் எக்செல் பதிவேட்டையும் ஒன்டிரைவுக்கு மாற்றினோம். இப்போது அக்காவின் கணினி அணைந்திருந்தாலும் வேலை நடக்கிறது. பழையதைவிட இது மேல். ஒப்புக்கொள்ள வேண்டும்.

அனுப்பும்போது பார்க்க வேண்டியவை வெப் ஆட்-இன்னுக்குப் போயின. இணைப்பு இல்லாமல் 'இத்துடன் இணைத்துள்ளேன்' என்று எழுதி அனுப்பினால் நிறுத்திக் கேட்கும். கண் ஆபரேஷன்காரரின் பையன் முகவரி இல்லாவிட்டாலும் கேட்கும். இதில் அது நன்றாகவே வேலை செய்கிறது. தனக்குத் தரப்பட்ட ஐந்து நிமிடத்தில் ஒரு விநாடிகூட அது எடுப்பதில்லை.

மீதி நான்கு விதிகள் எதிலும் அடங்கவில்லை. அவற்றை ஒரு அட்டையில் அச்சடித்து ஜன்னல் கம்பியில் கட்டி வைத்திருக்கிறோம். அக்காவுக்குப் பிறகு வரப்போகும் பெண்ணுக்காக.

மணிதான் பாக்கி. அஞ்சல் மென்பொருளின் பொதுவான அறிவிப்புச் சத்தத்தை வைக்கலாமா என்றேன். இருநூறு அஞ்சலுக்கும் அடித்தால் அது மணியில்லை, தலைவலி என்றார். போனுக்கு ஒரு அறிவிப்பு அனுப்பலாமா என்றேன். போன் கைப்பையில் இருக்கும், கைப்பை பீரோவில் இருக்கும் என்றார். நான் இன்னும் இரண்டு வாரம் அதோடு மல்லுக்கட்டினேன். 2025 ஏப்ரலில் பழைய அவுட்லுக்கை அவர் கணினியிலும் மூடினோம். கேட்டது அவர்தான். "இன்னும் மூணு வருஷம் இதப் புடிச்சுத் தொங்க வேணாம். நான் இருக்கும்போதே மாத்திடு. தப்பு வந்தா நான் சொல்வேன். நான் போனப்புறம் யார் சொல்லுவா?"

போன வாரம் மதியம் அவர் மேசைப் பக்கம் போனேன். கவுண்டரில் ஆள். அக்கா திரைக்கு முதுகைக் காட்டி முத்திரை குத்திக்கொண்டிருந்தார். மேசையில் இருந்த அலுவலகத் தரைவழித் தொலைபேசி இரண்டு முறை அடித்து நின்றது. அக்கா எடுக்கவில்லை. முத்திரையை வைத்துவிட்டு நாற்காலியைத் திருப்பி நேராக இன்பாக்ஸைத் திறந்தார். புதிதாக ஒரு வருகை அறிவிப்பு வந்திருந்தது.

"யாருக்கா அது?"

"ஏஜென்ட் ஆபீஸ்ல இருக்கிற பசங்க. நோட்டீஸ் அனுப்புனா இந்த நம்பருக்கு ஒரு மிஸ்டு கால் குடுங்கடான்னு எல்லாருக்கும் சொல்லி வெச்சிருக்கேன். நீ அலையாத, போய் வேலையப் பாரு."